வெளிப்புற வயர்லெஸ் கேமராவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

கேள்வி இதுதான். வீட்டைச் சுற்றி மாட்டுவதற்காக ஒருவர் நான்கு வயர்லெஸ் கேமராக்கள் வாங்கியிருக்கிறார். ஒன்று வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று பகலெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. வாசலில் இருப்பது இலை அசைந்தால்கூட போனுக்குத் தகவல் அனுப்புகிறது, ஆள் வந்து போனதை மட்டும் கோட்டை விடுகிறது. கேட்டுக்கு மேலே இருப்பதில் நேரலையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். நான்கு தொல்லைக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஆப் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுகிறது: 'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்'. பாஸ்வேர்டு தப்பா, சிக்னல் போதவில்லையா, கரண்ட் குறைகிறதா என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் பாதி பேர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருப்பார்கள். இந்த விஷயத்தில் கேமரா தயாரிப்பவர்கள்மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வெளிப்புறக் கேமராவின் தொல்லைகளில் பெரும்பங்கு அதை மாட்டும் இடத்தைச் சார்ந்தது. அந்த இடத்துக்குச் சிக்னல் எவ்வளவு வருகிறது, கரண்ட் எப்படிப் போகிறது, ஆள் எந்தத் திசையில் நடந்து வருவார் என்ற மூன்றையும் சுவரில் ஓட்டை போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

முதலில், சேர மறுக்கும் கேமரா. அதைக் கழற்றி ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுவந்துவிடுங்கள். முதல் இணைப்பை எப்போதும் ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் மேஜைமேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். பேட்டரி கேமராவாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். இணைந்ததும் அது ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் கேட்கும். அப்டேட் பாதியில் இருக்கும்போது சார்ஜ் தீர்ந்தால் பெரிய தலைவலி.

பெரும்பாலான வெளிப்புறக் கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸைவிட அது சுவர்களை நன்றாகத் தாண்டும், அதற்கான சிப் விலையும் மின்செலவும் குறைவு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இன்றைய ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தாமே தீர்மானிக்கின்றன. உங்கள் போன் 5-இல் இருக்கும், கேமரா 2.4-இல் தேடும். பல ஆப்கள் இதைச் சமாளித்துவிடும், சில ஆப்கள் இங்கேயே விழுந்துவிடும். ரவுட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, போனையும் அதில் சேர்த்து முயன்று பாருங்கள். தனிப்பெயருக்கு வழி இல்லாத ரவுட்டரில், 5-ஐச் சற்று நேரம் அணைத்துவிட்டு கேமராவைச் சேர்த்தபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். விருந்தினர் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் திறந்து அதில் கேமராவைச் சேர்ப்பவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் பல ரவுட்டர்கள் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளை மற்றவற்றோடு பேச விடாது. கேமராவோடு ஒரு ஹப் (கேமராக்களின் பதிவை வீட்டுக்குள் வாங்கி வைக்கும் பெட்டி) வந்திருந்தால் அப்போது இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போகும்.

பாதுகாப்பு முறையையும் பாருங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால் பல கேமராக்களால் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். 2.4 வரிசைக்குள் சேனல் என்று எண்ணிட்ட பாதைகள் உண்டு, அவற்றில் 12 அல்லது 13-இல் ரவுட்டர் ஓடினால் சில கேமராக்களின் கண்ணுக்கு அந்த நெட்வொர்க்கே தெரியாது. வைஃபை பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், பெயரிலோ பாஸ்வேர்டிலோ விசித்திரமான குறியீடுகள் இருந்தாலும் சில மாடல்கள் தடுமாறும்.

சரி, இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் சேரவில்லையா? அப்படியானால் போனைச் சந்தேகப்படுங்கள். வைஃபை பாஸ்வேர்டு கேமராவுக்குப் போய்ச் சேரப் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: போன் திரையில் தோன்றும் கியூஆர் கோடு, போன் எழுப்பும் ஒலி, புளூடூத், அல்லது கேமரா தற்காலிகமாகத் திறக்கும் ஒரு ஹாட்ஸ்பாட். கடைசி வழியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். போன் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்கிறது, அதில் இன்டர்நெட் இல்லை என்று பார்த்ததும் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஆப் கேமராவைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. இணைப்பு முடியும்வரை மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்து வையுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த 2020-லிருந்து, வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு ஆப்பும் தனி அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் கேமரா கிடைக்கவே கிடைக்காது. ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலைப் பார்க்க இருப்பிட அனுமதி தேவைப்படும். கியூஆர் கோடு வழி என்றால் திரை வெளிச்சத்தைக் கூட்டி, லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளிப்புறக் கேமராவின் லென்ஸ் தூரத்துப் பொருளுக்காக ஃபோகஸ் செய்யப்பட்டது, மிக அருகில் காட்டினால் கோடு மங்கலாகத்தான் தெரியும்.

கைமாறி வந்த கேமரா என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய உரிமையாளரின் கணக்கோடு அது பிணைந்திருக்கும். பல மாடல்களில் ரீசெட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இராது, அவர் தன் ஆப்பிலிருந்து நீக்கினால்தான் உங்களுக்கு வரும்.

அடுத்தது கேட்டுக்கு மேலே இருக்கும், சுற்றிக்கொண்டே நிற்கும் கேமரா. 'என் போனில் அங்கே நின்றால் வைஃபை நன்றாகக் கிடைக்கிறதே' என்பதுதான் எல்லோரும் சொல்வது. போனின் கோடுகளை நம்பாதீர்கள். அவை ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். கேமராவின் வேலை நேர் எதிரானது, அது ரவுட்டரை நோக்கிப் படத்தை ஓயாமல் அனுப்ப வேண்டும். அதன் ஆன்டெனா சிறியது, அனுப்பும் சக்தியும் குறைவு, பக்கத்தில் வேறு சுவர். எனவே கேமராவின் ஆப்பிலேயே சிக்னல் அளவைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கருவித் தகவல் பக்கத்தில் டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 50-ஐ ஒட்டி இருந்தால் அருமை. மைனஸ் 65 வரை கவலை இல்லை. மைனஸ் 70 என்பது எல்லைக்கோடு. மைனஸ் 75-ஐத் தாண்டிவிட்டால் நீங்கள் சொல்லும் வட்டம் சுற்றத் தொடங்கும். இந்த அளவுகோலில் 10 குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மைனஸ் 60-க்கும் மைனஸ் 70-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அளக்கும்போது வீடு இரவில் எப்படி இருக்குமோ அப்படி வைத்து அளக்க வேண்டும். பகலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். ராத்திரி இரும்புக் கதவை இழுத்து மூடி, வாசலில் காரையும் நிறுத்தியபின் அதே இடத்தில் சிக்னல் சரிந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு ஷட்டர், அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு, உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி ஆகியவை வைஃபைக்கு மோசமான எதிரிகள். வழியில் அடர்ந்த மரம் இருந்தால் மழைக்குப்பின் ஈரமான இலைகளும் சிக்னலைக் குடிக்கும். 'மழை பெய்தால் மட்டும் கேமரா போய்விடுகிறது' என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஓட்டை போடுவதற்கு முன், கேமராவை அந்த இடத்தில் ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஆப்பில் எண்ணைப் பார்க்கட்டும். அப்படியே ஒரு கையகலம் இடது பக்கம் நகர்த்துங்கள், கொஞ்சம் மேலே உயர்த்துங்கள். எண் மாறுவதைப் பார்ப்பீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளும் நேராக வரும் அலைகளும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அங்கிருந்து ஒரு விரற்கடை நகர்ந்தாலே நிலைமை மாறிவிடும். கேமராவை வைக்கும் இடம் மைனஸ் 74 காட்டினால் பக்கத்திலேயே மைனஸ் 67 காட்டும் இடம் இருக்க வாய்ப்புண்டு. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வாங்க ஓடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ரவுட்டர் பக்கமும் வேலை இருக்கிறது. டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக, இரும்பு அலமாரிக்குள் வைத்த ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். அதில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்த இணைப்பு எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே விழுகிறது, 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. 2.4-இன் சேனலைத் தானாக மாறும்படி விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

ரிப்பீட்டர்தான் வழி என்று ஆகிவிட்டால், அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் கேமராவுக்குச் சிக்னல் பிரமாதமாகத் தெரியும், ஆனால் ரிப்பீட்டருக்கே ரவுட்டர் சரியாகக் கேட்காது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில், ரிப்பீட்டருக்கு நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். கேபிள் போட்டு இணைத்த மெஷ் கருவி (ஒரே வைஃபையைப் பல முனைகளிலிருந்து வீடெங்கும் பரப்புவது) இதைவிட எவ்வளவோ மேல். மெஷ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் போய் வந்ததும் கேமரா சில நேரம் பக்கத்து முனையை விட்டுவிட்டு வீட்டின் மறுகோடியில் இருக்கும் முனையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அதை விடவே விடாது. கேமராவை ஒரு முனையோடு கட்டிப்போடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

படத்தின் தரத்தையும் குறைத்துச் சோதிக்கலாம். 1080பி படத்துக்கு விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் போதும், 4கே என்றால் 8 மெகாபிட் அளவுக்குப் போகும். தரத்தைக் குறைத்ததும் படம் ஒழுங்காக ஓடினால் உங்கள் சிக்கல் சிக்னல்தான் என்று உறுதியாகிறது. நான்கு கேமராக்களும் ஒரே நேரத்தில் கிளவுடுக்கு ஏற்றினால் வீட்டு இன்டர்நெட்டின் அப்லோடு வேகமும் போதாமல் போகலாம். டவுன்லோடு வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இருட்டியதும் போய்விடும் கேமராவுக்கு வருவோம். இதில் எல்லோரும் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், வைஃபைக்கு இதில் சம்பந்தமே இருக்காது. அடாப்டரிலிருந்து நீளமான யுஎஸ்பி கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பகலில் கேமரா குறைந்த மின்னோட்டத்தில் ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்க, மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேலும் போகும். மெல்லிய கேபிள்களில் இருக்கும் 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. 5 மீட்டர் கேபிள் என்றால் போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் 2.1 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே தொலைந்து கேமராவுக்கு 4.4 வோல்ட் கிடைக்கும். எப்படியோ சமாளிக்கும். இரவில் 0.7 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 1.5 வோல்ட் தொலையும், மிஞ்சுவது 3.5. கேமரா அணைந்துவிடும். அணைந்ததும் விளக்கும் அணையும், வோல்டேஜ் ஏறும், கேமரா திரும்ப எழும், விளக்கைப் போடும், திரும்பவும் விழும். விடியும்வரை இதே கதை. காலையில் வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

சோதிப்பது எளிது. ஆப்பில் இரவுப் பார்வையை ஒரே ஒரு ராத்திரி அணைத்து வையுங்கள். படம் கறுப்பாக இருந்தாலும் கேமரா அணையாமல் நின்றால் கரண்ட் போதாததுதான் காரணம், பெரும்பாலும் அந்த நீளமான கேபிளால். யுஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கி, அடாப்டரைக் கேமராவுக்கு அருகில் மழை படாத பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு வேண்டிய வீட்டு மின்சார வயரிங்கை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். தடிமனான கம்பியுள்ள கேபிளும் உதவும். 'வோல்டேஜ்தானே குறைகிறது' என்று 9 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் கேமராவில் செருகிவிடாதீர்கள், கேமரா கருகிவிடும். 12 வோல்ட் கேமராக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதே வேலைக்கு அவற்றுக்கு மின்னோட்டம் குறைவாகவே தேவை.

இனி வாசல் கேமரா. இலைக்குக் கத்துவதும் ஆளைக் கோட்டை விடுவதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அது பேட்டரி கேமரா என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பேட்டரி கேமரா எப்போதும் விழித்திருப்பதில்லை. பிஐஆர் என்ற வெப்ப உணரி மட்டும் விழித்திருந்து, ஏதாவது அசைந்தால் கேமராவை எழுப்பும். அது பார்ப்பது படத்தை இல்லை, வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதை. அதன் முன்னால் இருக்கும் சொரசொரப்பான பிளாஸ்டிக் லென்ஸ், எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் குறுக்கே நடந்தால் உடனே தெரியும். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்தால் ஒரே பட்டைக்குள்ளேயே இருப்பார், மிக நெருங்கும்வரை உணரிக்குத் தெரியாது. பெரும்பாலோர் கேமராவை எங்கே மாட்டுகிறார்கள்? கேட்டிலிருந்து வரும் நடைபாதையை நேருக்கு நேர் பார்க்கும்படி. பேட்டரி கேமராவுக்கு அதைவிட மோசமான கோணம் கிடையாது. பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றி, ஆள் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து போகும்படி வையுங்கள். தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம், சற்றே கீழ்நோக்கிய சாய்வு. உணரியின் எட்டும் தூரம் 8, 10 மீட்டர்தான் என்பதால் தெருவரை அது காவல் காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடும் வெயிலில் சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் குறைந்து உணரி மந்தமாகிவிடும். அதே வெயிலில் சூடேறிய இலை காற்றில் அசைந்தால் அதற்கு ஆள் மாதிரித் தெரியும். ஏசியின் வெளிப்பெட்டி, வண்டியின் சூடான பானெட், வெயில் பட்டு நிழலாகும் சுவர் எல்லாமே அதை ஏமாற்றும். அசைவைக் கவனிக்கும் பகுதியை ஆப்பில் வரைந்து, செடியையும் சாலையையும் வெளியே தள்ளுங்கள். உணர்திறனை ஒரேயடியாகக் குறைத்துவிட வேண்டாம், ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒருவரை நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பிஐஆர் வேலை செய்யவே செய்யாது, உடல் வெப்பத்தின் கதிர்களைக் கண்ணாடி தாண்ட விடாது.

அப்புறம் இன்னொன்று. உணரி தட்டி எழுப்பியதும் கேமரா கண் திறந்து பதிவைத் தொடங்க ஓரிரு விநாடிகள் ஆகும். அதற்குள் வந்தவர் வந்த வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார், உங்களுக்குக் கிடைப்பது முதுகு. ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளி நேரம் என்று ஒரு அமைப்பும் உண்டு. பேட்டரியைச் சேமிக்க அதைப் பெரும்பாலும் நீளமாகவே வைத்து அனுப்புகிறார்கள். அதை மிகக் குறைவாக மாற்றுங்கள். வாசலில் கரண்ட் கொடுக்க வழி இருந்தால், எப்போதும் விழித்திருந்து தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவைத்தான் அங்கே மாட்டச் சொல்வேன். முக்கியமான ஒரு வழிக்குப் பேட்டரி கேமராவை நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆள் பதிவாகிவிட்டார், முகம் தெரியவில்லை என்பது அடுத்த குறை. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 62676-4-இன் 2015 பதிப்பு இதற்கு ஒரு கணக்கு சொன்னது: முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது படத்தில் அந்த இடத்தின் அகலம் 7.7 மீட்டருக்குள் அடங்கியிருக்க வேண்டும். 110 டிகிரி அகலமாகப் பார்க்கும் கேமராவில் அது வெறும் 2.7 மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. 4கே என்றால் 5.4 மீட்டர். இதுவும் நல்ல வெளிச்சத்தில். வீட்டின் முன்பக்கம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டோம் என்று மகிழ்கிறவர்களுக்கு, முகம் தேவைப்படும் நாளில் நாலு சதுரங்கள்தான் மிஞ்சும். முழுக் காட்சிக்கு ஒன்று, ஆள் கண்டிப்பாகக் கடந்தாக வேண்டிய குறுகிய இடத்துக்கு அருகில் தாழ்வாக இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இரவுப் படம் வெள்ளைப் புகை மூடியதுபோல இருந்தால் கேமராவுக்கு மிக அருகில் சுவரோ கூரை விளிம்போ இருக்கிறதா என்று பாருங்கள். அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி லென்ஸை நிரப்பிவிடும். ஒரு கை நீளம் தள்ளி மாட்டினால் தெளிந்துவிடும். சிலந்திகளுக்குக் கேமரா என்றால் தனிப் பிரியம். விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன் ஓர் இழை ஆடினாலே இரவு முழுக்கத் தகவல் வந்துகொண்டிருக்கும். அவ்வப்போது மென்மையான தூரிகையால் துடைப்பதைத் தவிர இதற்குப் பெரிய மருந்து கிடையாது.

பேட்டரி பற்றிப் பெட்டியில் போட்டிருக்கும் 'ஆறு மாதம்' என்பது ஒரு நாளைக்குச் சில நிமிடப் பதிவு என்ற கணக்கில் வருவது. ஆள் நடமாட்டம் உள்ள வாசலில் அது வாரக்கணக்கில் வந்து நிற்கும். நேரலையை அடிக்கடி திறந்து பார்ப்பதும் பலவீனமான சிக்னலும் பேட்டரியைத் தின்னும். சிக்னல் சரியில்லாதபோது அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. சோலார் பேனலை கேமரா பார்க்கும் திசையில் பொருத்தாமல் வெயில் விழும் திசையில் தனியாகப் பொருத்துங்கள், ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறையும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால், உறையும் குளிரில் பேனல் இருந்தும் சார்ஜ் ஏறாமல் நிற்கும்.

மைக்ரோ எஸ்டி கார்டில் தொடர்ந்து எழுதும் கேமராவுக்கு, கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் நீடித்துழைக்கும் வகையை வாங்கி, கேமராவின் ஆப்பிலேயே ஃபார்மட் செய்யுங்கள். 2 மெகாபிட் வேகத்தில் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, 64 ஜிபி கார்டு மூன்று நாளுக்குள் நிரம்பிவிடும். கேமராவைப் பிடுங்கிப் போகிறவன் கார்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோவான். அதனால் முக்கியப் பதிவுகளின் நகல் வீட்டுக்குள் இருக்கும் ஹப்பிலோ கிளவுடிலோ இருக்கட்டும். சந்தா கட்டாவிட்டால் என்னென்ன வேலை செய்யாது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், சில கேமராக்களில் ஆளையும் இலையையும் பிரித்தறியும் வசதியே சந்தாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மழை விஷயத்தில், தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி65, ஐபி66 என்ற எண்கள் கேமராவின் உடலுக்குத்தான். அதன் வாலில் தொங்கும் கேபிள் இணைப்புக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் சுவருக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

பாஸ்வேர்டைச் சொல்லாமல் விட முடியாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இன்டர்நெட்டில் இருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றியது. அது உள்ளே நுழைந்தது ஆலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை என்ற ஒரே காரணத்தால். உங்கள் கேமரா கணக்குக்குத் தனிப் பாஸ்வேர்டும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் வையுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை (கருவிகள் தாமாகவே வெளியிலிருந்து வர வழி திறக்க விடுவது) அணையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை ஆப்பில் கறுப்பாக மறைத்துவிடுங்கள். அவர்கள் பேச்சு கேட்கும் தூரம் என்றால் ஒலிப்பதிவையும் நிறுத்திவிடுங்கள்.

கேட்டு கேமரா மட்டும் எவ்வளவு நகர்த்தியும் மைனஸ் 75-க்கு மேலே வரவில்லை என்றால் வைஃபையோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிடுங்கள். அந்த ஓர் இடத்துக்கு நெட்வொர்க் கேபிள் போட்டுவிடலாம். பவர் ஓவர் ஈதர்நெட் என்ற முறையில் ஒரே கேபிளில் படமும் கரண்டும் 100 மீட்டர் வரை போகும். 2003-இல் வந்த அதன் முதல் தரநிலையே 15.4 வாட் வரை கொடுத்தது, ஒரு சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். இருட்டியதும் அணைவது, மழைக்குச் சிக்னல் போவது, பேட்டரிக்காக ஏணி ஏறுவது என்று எதுவும் அங்கே கிடையாது. வைஃபையை முடக்கும் சிறு கருவியோடு வரும் திருடனாலும் கேபிளை அப்படி முடக்க முடியாது.

எனவே நான்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டுக்குரிய அந்த ஒன்று இத்தனைக்குப் பிறகும் சரிவராவிட்டால் அதை மட்டும், திருப்பி எடுத்துக்கொள்ளும் தேதி முடிவதற்குள் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் கேபிளில் ஓடும் ஒன்றை வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் ஆப்பிலிருந்து அதை நீக்கி, ரீசெட் செய்து, கார்டை உருவி எடுத்துக்கொள்ளுங்கள். நீக்காமல் கொடுத்தால் அதை அடுத்து வாங்குகிறவர் உங்கள் கணக்கோடு பிணைந்த கேமராவை வைத்துக்கொண்டு, ஏன் சேரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.